ஏழு குண்டுகளைக் கடைந்த மத்தியானம்

சுற்றட்டும். சுற்றுகிற வரைக்கும் அது வெறும் செம்புதான், உள்ளே ஈயம் அடைத்த செம்பு, என் சுண்டுவிரலில் பாதி நீளம். நின்றால்தான் அது குண்டு, யானையின் மண்டைக்குள் போகிற குண்டு. லேத்தின் வாயில் அதைக் கவ்வக் கொடுத்துவிட்டு உளியை மெல்ல உள்ளே விடுகிறேன், செம்பு மயிர்மயிராகச் சுருண்டு விழுகிறது, ஒரே அளவில், ஒரே நிறத்தில். என் கைக்கு வெட்கம் கிடையாது. மனசு என்ன நாறினாலும் கை தன் வேலையைச் சுத்தமாகச் செய்யும். பெண்டாட்டியைப் புதைத்த மூன்றாம் நாள் இதே கை தேயிலை ஃபேக்டரி ரோலருக்குப் புஷ் கடைந்தது, ஒரு தலைமுடி பிசகவில்லை, நல்லாயிருக்கு திரவியம் என்றார்கள். நல்லாயிருக்கு. காலையில் அந்த ஆள் வந்தார், எஸ்டேட்டுப் பெரிய துரை ஹேமச்சந்திரன், வெள்ளைக்காரத் துரை போகும்போது விட்டுப்போன தொப்பியையும் ஜீப்பையும் ரைபிளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர், ஒரு புகையிலை டப்பாவைத் திறந்து என் மேஜைமேல் கவிழ்த்தார். ஏழு குண்டு உருண்டது. ஒன்று கீழே விழுந்தது. அவர் குனியவில்லை, நான் குனிந்தேன்.

"இது வேற துப்பாக்கிக்குச் செஞ்சது திரவியம். மைசூர் பக்கத்துல ஒரு கேப்டன்கிட்ட கெஞ்சி வாங்கினேன். நம்ம ரைபிளுக்குத் தோட்டா இப்ப கப்பல்லயே வர்றதில்ல. இது கொஞ்சம் தடிமன், மூக்கும் நீளம், உள்ள போட்டா பூட்டு மூடாது. தலைமுடி அளவு எடுத்துட்டு மூக்கை வெட்டிடு. மூணரைக்கு வரேன்."

"சரிங்க துரை."

"இதை நீ செய்யறதுதான் நியாயம். உனக்குத்தான் அந்த உரிமை இருக்கு."

சொல்லிவிட்டு என் வலது தோளைத் தட்டினார், இரண்டு தட்டு, குதிரையைத் தட்டுகிற மாதிரி. அந்த இடம் இன்னும் அரிக்கிறது. எண்ணெய்க் கையோடு சொறிந்து சட்டையெல்லாம் கறை. உரிமை. எவ்வளவு பெரிய வார்த்தை. பாக்கியத்தாய் செத்து நாற்பத்தொரு நாள் ஆகிறது, இந்த நாற்பத்தொரு நாளில் எனக்கென்று இந்த எஸ்டேட்டில் கிடைத்த ஒரே உரிமை ஏழு குண்டைக் கடைவது. சுடுவது அவர். போட்டோ பிடித்துக்கொள்வது அவர், யானையின் தலைமேல் ஒரு காலை வைத்து. பங்களாச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டுவது அவர். அடியில் கடைசல்காரன் ஞானதிரவியம் என்று எழுதுவார்களா? முதல் குண்டு முடிந்தது. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கிறேன். சரி. சரியாக இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. சரியாக இல்லாமல் போனால்? அந்த நினைப்பு காலையிலேயே வந்துவிட்டது, அவர் முதுகைக் காட்டி ஜீப்பில் ஏறும்போதே, நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது, ஈ மாதிரி. விரட்டினால் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்காருகிறது. கொஞ்சம் தடிமனாக விட்டால் போதும். கண்ணுக்குத் தெரியாத தடிமன். எனக்கும் இந்த மைக்ரோமீட்டருக்கும் மட்டும் தெரிகிற தடிமன். குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், முன்னால் போக வழி இல்லாத நெருப்பு பின்னால் வரும், பின்னால் பூட்டு, பூட்டுக்குப் பின்னால் ஒரு கன்னம், ஒரு கண், மாசத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூர் போய்த் திருத்திக்கொண்டு வருகிற ஒரு மீசை. யாருக்குத் தெரியும்? பழைய ரைபிள், வெடித்துவிட்டது. விதி என்பார்கள். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அடக்கத்துக்கு வந்து நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "விதி திரவியம், யார் என்ன பண்ண முடியும்" என்றார். அவர் பூட்ஸில் கல்லறை மண் ஒட்டிக்கொண்டது, அதைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். போதகர் ஜெபம் சொல்கிறார், இவர் பூட்ஸைத் தேய்க்கிறார். நான் ஜெபத்தைக் கேட்கவில்லை, அந்தத் தேய்ப்பைத்தான் கேட்டேன்.

இரண்டாவது. பின்பக்கத்தைத் துடைத்துக் கவ்வக் கொடு. விசையைப் போடு. சுற்றுகிறது. சுற்றுகிறதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அந்த வார்த்தை வரும். வந்துவிட்டது. சுத்திப் போங்க. நான் சொன்ன வார்த்தை. நான்தான் சொன்னேன். அவள் தூக்குவாளியில் சோறு கொண்டு வந்திருந்தாள், ஆனி மாசம், மழை பிடித்திருந்தது, நான் இதே பட்டறை வாசலில் ஆங்கிள் இரும்பைப் போட்டு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். ஆள் உயரம், மேலே ஈட்டி முனை, நடுவில் பூட்டுக்கு ஒரு கொண்டி. பங்களா பாதையை ஆறு மணிக்கு மேல் அடைத்துவிடச் சொல்லி உத்தரவு. ஃபேக்டரியில் சாயங்கால ஷிப்ட் முடிந்து போகிற பெண்கள் பங்களா வழியாகத்தான் லைன் வீடுகளுக்குப் போவார்கள், தார் ரோடு, விளக்கு உண்டு, பத்து நிமிஷ நடை. பேசிக்கொண்டு போவார்கள், சிரிப்பார்கள். அந்தச் சத்தம் துரை வீட்டு அம்மாவுக்குத் தலைவலி கொடுத்ததாம். அவ்வளவுதான் காரணம். திருட்டு இல்லை, தீ இல்லை, ஒரு தலைவலி. அதற்குக் கேட்டு. அந்தக் கேட்டுக்கு நான். பாக்கியத்தாய் தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு நெருப்புப் பொறியைப் பார்த்தாள்.

"இங்கேருங்க, யாருக்கு இது?"

"பங்களாவுக்கு."

"அடைச்சிட்டா நாங்க எப்படிப் போறது?"

"சுத்திப் போங்க."

தலையைக்கூடத் தூக்கவில்லை. வெல்டிங் வைக்கும்போது தலையைத் தூக்க முடியாது, அது வாஸ்தவம், ஆனால் வைத்து முடித்த பிறகும் தூக்கவில்லை. கொண்டி நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக வந்திருந்தது. நாலு மாசம் சுத்திப் போனார்கள், காட்டோரம், மூங்கில் புதர் ஒட்டி, முப்பது நிமிஷம், விளக்கு கிடையாது. ஐப்பசியில் ஒரு நாள், பனிமூட்டம், நாலு பேர் போனார்கள். டார்ச் லைட் பாக்கியத்தாய் கையில் இருந்ததால் அவள் முன்னால் போனாள். பேட்டரி நான்தான் புதிதாக வாங்கிப் போட்டிருந்தேன். வெளிச்சம் நன்றாக அடிக்கும். வெளிச்சம் நன்றாக அடித்ததில் யானையின் கால் தெரிந்ததாம், மரம் என்றாளாம். மற்ற மூன்று பேரும் திரும்பி ஓடினார்கள். ஓடியதில் ஒருத்தி தங்கரெத்தினம், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வந்து வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். "நான் கூப்பிட்டேன் அண்ணாச்சி, அவ திரும்பல அண்ணாச்சி." வாராவாரம். நான் என்ன சொல்வது? போனது போச்சு, நீ சாப்பிட்டியா என்கிறேன். மனசுக்குள் என்ன சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் அந்த வாசலை மிதிக்க மாட்டாள். நீ ஏன் வந்தாய் என்கிறேன். நாலு பேர் போனீர்கள், உன் கால் மட்டும் எப்படி ஓடியது என்கிறேன். இரண்டாவது குண்டும் சரி. மூன்றாவதும். மூக்கை வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கி, எடை பார்த்து, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் வரிசையாகத் தகரத் தட்டில் நிற்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி. தடிமனாக விடுவது என்றால் நாலாவதைத்தான் விட வேண்டும். அல்லது ஐந்தாவது. முதலாவது குண்டு வேலை செய்து நம்பிக்கை வந்து, இரண்டாவதும் வேலை செய்து... என்ன கணக்குப் போடுகிறேன்? இப்படித்தான் ஆள் கொலைகாரன் ஆகிறானா, மத்தியானச் சோறு செரிக்கிற நேரத்தில், மைக்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டு? எனக்குப் பயமாக இல்லை. பயமாக இல்லாததுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. மல்லன். யானைத் தடம் பார்க்கிற மல்லன், காட்டுக்குடி மலசர் ஆள். எத்தனை துரை மாறினாலும் காட்டுக்குள் துப்பாக்கிக்கு முன்னால் நடக்கிறவன் இவன்தான். அவன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. யானை அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று அன்றைக்கு மத்தியானமே அவனுக்குத் தெரியும், ஆபீஸில் சொன்னானாம், ஆபீஸில் எழுதிக்கொண்டார்களாம். எழுதிக்கொண்டது எங்கே போனது? லைனில் வந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. போடவில்லை. அவன் உள்ளே வந்து தட்டைப் பார்த்தான், தொடவில்லை.

"மேஸ்திரி, குண்டு சரியா வருமா?"

"ஏன்?"

"நாளைக்கு நான்தான் பக்கத்துல நிக்கணும். தோளோட தோளா. அவருக்கு வலது கண்ணு சரியா தெரியாது. நான்தான் காட்டணும், இங்க அடி, இங்க அடின்னு. அதான் கேக்கறேன்."

லேத் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் உளியை வெளியே இழுத்துவிட்டு விசையை அணைத்தேன். ஈ எழுந்து பறந்தது, திரும்ப வந்து உட்கார இடம் தேடியது. தோளோடு தோள். பூட்டு பின்னால் பறந்தால் பக்கத்திலும் பறக்கும். இவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள், ஒன்று நொண்டி. இவனையும் நான் வெறுக்கிறேன், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. வெறுப்புக்கும் மைக்ரோமீட்டர் இருந்தால் சௌகரியமாக இருக்கும், இவ்வளவுக்கு இது, இவ்வளவுக்கு அது என்று. பீடி கேட்டான், கொடுத்தேன். குந்தி உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டான்.

"சரியாத்தான் வரும்" என்றேன். "என் கையில எது சரியா வராம போயிருக்கு?"

"யானையச் சுடக் கலெக்டர் குடுத்த உத்தரவு சனிக்கிழமையோட முடியுது மேஸ்திரி. அதுக்குள்ள சுட்டுடணும்கறார் துரை. சுட்டுட்டா கேட்டுப் பேச்சு இருக்காதாம்."

"என்ன கேட்டுப் பேச்சு?"

"பொம்பளைங்க மனு குடுத்தாங்கல்ல, பங்களா வழியத் தொறந்து விடச் சொல்லி. ஆபீஸ்ல பேசிக்கிட்டு இருந்தாரு, நான் வெளிய நின்னேன். யானை செத்துட்டா அப்புறம் எதுக்குக் கேட்டைத் தொறக்கணும், காட்டு வழியே போகட்டும்னாரு. கிளார்க்கு எழுதிக்கிட்டாரு."

எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். மல்லன் பீடியை முடித்துவிட்டுப் போன பிறகும் நான் விசையைப் போடவில்லை. தகரக் கூரையில் குரங்கு ஓடியது. ஆக இந்த ஏழும் யானைக்கு இல்லை. கேட்டுக்கு. கேட்டு திறக்காமல் இருப்பதற்கு. ஆனி மாசம் அதைச் செய்தேன், கார்த்திகை மாசம் அதே கேட்டுக்கு இன்னொரு பூட்டுச் செய்துகொண்டிருக்கிறேன், செம்பில், ஈயத்தில், அழகாக, வரிசையாக. இந்த யானை செத்தால் காட்டில் வேறு யானை இல்லையா? போன வருஷம் மூங்கில் பக்கத்தில் ஒன்பது எண்ணினார்கள். ஒன்பதுக்கும் குண்டு வாங்குவாரா கேப்டனிடம்? யானையை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது விழுந்து கிடக்கிறதை நான் பார்க்க வேண்டும், தினமும் படுக்கும்போது அதைத்தான் பார்க்கிறேன், இடது காது கிழிந்த அந்தத் தலை மண்ணில் சாய்ந்து, வாயில் ஈ மொய்த்து. இரண்டு வாரத்துக்கு முன் டாங்கியில் தண்ணீர் குடிக்க வந்தபோது இந்த ஜன்னலில் இருந்து பார்த்தேன். தண்ணீரை முதுகில் ஊற்றிக்கொண்டது. சாவகாசமாக. இந்தக் காலாலா என்று பார்த்தேன், முன் காலா பின் காலா, யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையில் ஸ்பேனர் இருந்தது. அது எட்டாது என்று தெரிந்தும் எறிந்தேன். சேற்றில் விழுந்தது, இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நாளைக் காலையில் ஒரு குண்டு அந்தக் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் போகும் என்றால், அதை நான் கடைந்தேன் என்றால், எனக்கு அதில் ஒரு ருசி இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த ருசியைத்தான் அந்த ஆள் கணித்து வைத்திருந்தார். உனக்குத்தான் அந்த உரிமை. யானை மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தை எடுத்துத் தன் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். விசையைப் போட்டேன். நாலு. ஐந்து. கை தன்பாட்டுக்கு ஓடியது. ஈ வரவில்லை. ஆறாவதைத் தடிமனாக விடவில்லை, ஏழாவதையும் விடவில்லை. மல்லனுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கே தெரியவில்லை. செம்புச் சுருளை எல்லாம் கூட்டிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். ஏழும் தட்டில் நின்றன. ஒரு பிசகு இல்லை. பிசகாக ஏதாவது செய்யத் தெரியாத கை, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மூன்றரைக்கு ஜீப் சத்தம். அந்த ஆள் நேரம் தவற மாட்டார். ரைபிள் தோல் உறையில், கூடவே ஒரு மரப்பெட்டி. பெட்டியில் பித்தளைக் கூடுகள், மருந்து, சின்னக் கைப்பிடி வைத்த அழுத்தும் கருவி. மல்லன் பின்னால் ஏறி வந்திருந்தான். என் மேஜையிலேயே எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்தை நிறுத்து நிறுத்துக் கூட்டில் கொட்டி, என் குண்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அழுத்தினார். ஏழுக்கும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பொட்டு மருந்து மேஜையில் சிந்தியது, வாயால் ஊதினார். கடைசியில் ஏழு தோட்டாவும் என் தகரத் தட்டில் நின்றபோது, கூடு பித்தளை, தலை செம்பு, நகைக்கடை ஜன்னல் மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்து ரைபிளின் அடியில் இருக்கிற கம்பியை இறக்கி உள்ளே போட்டார். கம்பியை ஏற்றினார். பூட்டு மூடியது. 'க்ளிக்' என்று அவ்வளவு பதவிசான ஒரு சத்தம். ஒரு தடவைக்கு ஒன்றுதான் பிடிக்கும் அந்த ரைபிள். சுட்டுவிட்டுத் திறந்து, கூட்டை எடுத்துவிட்டு, அடுத்ததைப் போட வேண்டும். திறந்து தோட்டாவை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார்.

"பிரமாதம். காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சுட்டுப் பாத்துடலாம். பின்னாடி மண்மேடு இருக்கே, அங்க."

"சரிங்க துரை."

"நீயே சுடு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"நீ கடைஞ்சது, நீயே சுட்டுப் பாக்கறதுதான் முறை. கெட்டியா தோள்ல அண்டக் குடுத்துக்கோ, உதைக்கும். மல்லா, நீ தள்ளி நில்லு."

பட்டறைக்குப் பின்னால் நடந்தோம். ரைபிள் ஒரு கையில், தட்டு ஒரு கையில். மண்மேட்டுக்கு முப்பதடி தூரத்தில் நின்றேன். தட்டைக் காலடியில் ஒரு கல்லின்மேல் வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். மல்லன் பலாமரத்தடியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்த ஆளைக் காணோம். பிறகு தெரிந்தது, தொப்பி மட்டும். ஜீப்பைத் தாண்டி, இன்ஜினுக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தியிருந்தார். மூன்று வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன், அவர் குந்தி நான் பார்த்ததில்லை. அப்போது எனக்குள் ஏதோ ஒன்று அசைந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இந்த ஆளுக்குத் தெரியும். நான் என்ன செய்யக்கூடும் என்று தெரியும், ஏன் செய்யக்கூடும் என்றும் தெரியும். விதி என்று உண்மையிலேயே நினைக்கிறவன் எதற்கு ஜீப்புக்குப் பின்னால் குந்த வேண்டும்? என் மனசில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்த அந்த ஈ அவர் மனசிலும் உட்கார்ந்திருக்கிறது, காலையில் தோளைத் தட்டும்போதே உட்கார்ந்திருக்கிறது. நாற்பத்தொரு நாளாக இந்த மலையில் ஒருத்தர்கூட என்னிடம் சொல்லாததை அந்தத் தொப்பி சொல்லிக்கொண்டிருந்தது, அவளைக் கொன்றது விதி இல்லை, கேட்டு என்று. முதல் தோட்டாவைப் போட்டேன். பூட்டினேன். தோளில் அண்டக் கொடுத்தேன், காலையில் தட்டினாரே, அதே இடத்தில். சுட்டேன். உலகம் ஒரு தரம் வெள்ளையாகப் போய்த் திரும்பி வந்தது. தோள் பிய்ந்துவிட்டது என்று நினைத்தேன். மண்மேட்டில் கலத்தை அழுத்தி எடுத்த மாதிரி ஒரு பள்ளம், மண் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஜீப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சபாஷ்! போதும், கொண்டா!"

கம்பியை இறக்கினேன். சூடான கூடு காலடியில் விழுந்தது. இரண்டாவதைப் போட்டேன்.

"திரவியம்! போதும்னேன்!"

"ஒண்ணு சரியா இருந்தா மத்ததும் சரியா இருக்கும்னு எப்படித் துரை சொல்றது? பாத்துடுறேன்."

சுட்டேன். இப்போது வெள்ளை வரவில்லை, சிவப்பு வந்தது. யோசித்துச் செய்தேனா? இல்லை. இரண்டாவது கையில் எடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது ஏழையும் இங்கேதான் விடப்போகிறேன் என்று. மூன்றாவது. காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஜீப்பைச் சுற்றி ஓடி வந்தார், வாய் அசைந்தது, முதலில் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு கேட்டது, "பைத்தியமாடா உனக்கு, சனிக்கிழமையோட உத்தரவு முடியுது, வேற குண்டு ஏது?" நான் நாலாவதைப் போட்டுப் பூட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். குழல் தரையைப் பார்த்துத்தான் இருந்தது. நான் தூக்கவில்லை, கடவுள் சாட்சி, தூக்க நினைக்கக்கூட இல்லை. அவர் நின்றுவிட்டார். கை பாதி நீட்டியபடி, ஒரு கால் முன்னே, கண்ணாமூச்சியில் அகப்பட்ட பிள்ளை மாதிரி. என்னைப் பார்த்துப் பயந்த ஒரு மனுஷனை இன்றைக்குத்தான் முதல்தடவை பார்க்கிறேன். அது நன்றாக இருந்தது. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது, போதகரிடம்கூட. அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி மண்மேட்டில் சுட்டேன். அடுத்தது யானைக்கு, அதையும் மண்ணில் விட்டேன், கிழிந்த காதே, நீ பிழைத்துக்கொள், இன்னும் கொஞ்ச நாள் தண்ணீரை முதுகில் ஊற்றிக்கொள், உன்னை நான் மன்னிக்கவில்லை, நீ எனக்கு இப்போது வேண்டும், நீ இருந்தால்தான் கேட்டைத் திறக்கச் சொல்ல முடியும், அவ்வளவுதான். ஆறாவதுக்குத் தோள் உயரவில்லை, இடது கையால் தூக்கி முட்டுக் கொடுத்தேன். ஏழாவதைச் சுட்டதும் ரைபிள் கையை விட்டு விழுந்தது. மல்லன் வந்து அதை எடுத்தான். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தான், அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, குனிந்து கூடுகளைப் பொறுக்கினான்.

"எத்தனை இருக்கு?" என்றார் அந்த ஆள். அவர் கேட்டது மல்லனை. பதில் சொன்னது நான்.

"ஒண்ணும் இல்ல துரை. ஏழும் சரியா இருந்துச்சு."

"உனக்கு நாளையிலருந்து வேலை கிடையாது."

"சரிங்க துரை."

அவர் ஏறி உட்கார்ந்தார். ஜீப்பைத் திருப்பப் பார்த்தார், இரண்டு தடவை அணைந்து போனது. அதற்குள் ஃபேக்டரிச் சங்கு ஊதிவிட்டது, மாசக் கடைசி என்பதால் இந்த வாரம் தேயிலை சலிக்கிற அறைக்கு ஷிப்ட் ஆறு மணிக்குத்தான் முடிகிறது. இருட்டுகிற நேரம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் கும்பலாகப் பட்டறைப் பக்கம் வந்தார்கள், முப்பது பேர் இருக்கும், தலையெல்லாம் தேயிலைத் தூசி. எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. தங்கரெத்தினம்தான் முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, வெடிச் சத்தம் கேட்டுச்சே, ஏழு எண்ணினோம். யானை செத்துடுச்சா?"

"இல்ல."

"தப்பிச்சிடுச்சா?"

"நான் மண்ணுல சுட்டேன். குண்டு காலி. யானை அங்கதான் எங்கேயாவது நிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம், தப்பில்லை. பிறகு மூங்கில் பக்கம் பார்த்தாள், அங்கே பனிதான் இருந்தது. பிறகு ஜீப்பைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு நேரத்தில் புரிந்தது என்று சொல்ல முடியாது, எனக்கே முழுசாகப் புரியாதது அவளுக்குப் புரிந்தது. நேராகப் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றாள். மற்றவர்களும் போய் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அந்த ஆள் ஹாரன் அடித்தார். நகரவில்லை. இன்னொரு தடவை அடித்தார்.

"கேட்டுச் சாவி குடுங்க துரை" என்றாள் தங்கரெத்தினம். "இல்லன்னா நீங்க வந்து எங்களுக்கு முன்னால டார்ச் அடிங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மூங்கில் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சட்டைப் பையில் கையை விட்டார். சாவியைக் கையில் கொடுக்கவில்லை, இன்ஜின் மூடிமேல் விட்டெறிந்தார், அது சறுக்கிக் கீழே விழுந்தது. தங்கரெத்தினம் அவசரப்படாமல் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

நான் எண்ணெய் டிரம்மின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். தோள் வீங்கி, சட்டைக்குள் ஏதோ ஒரு மிருகம் படுத்திருக்கிற மாதிரி கனக்கிறது, விரல் மடங்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு இந்தக் கையை எங்கே கொண்டு போய் விற்பது? மல்லன் கூட வா என்று கூப்பிட்டான், நீ போ என்றேன். அவர்கள் போகிறார்கள், பங்களா ரோட்டில், விளக்கு வெளிச்சத்தில், முதலில் மெதுவாக, சத்தமில்லாமல், ஏதோ சாமான் உடைந்துவிடும் என்கிற மாதிரி. பிறகு பேச்சு வந்துவிட்டது. பிறகு யாரோ ஏதோ சொல்ல, ஒருத்தி சிரிக்கிறாள், வாய்விட்டு, பங்களா ஜன்னலுக்கு நேர் கீழே. தங்கரெத்தினம்தான். அந்தக் குரல் எனக்குத் தெரியும், நாற்பத்தொரு நாளாக அழுது கேட்ட குரல். ஓடிப் பிழைத்தவள், இப்போது சிரிக்கிறாள். அது பாக்கியத்தாய் இல்லையே என்று அவள்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வருகிறது. வரட்டும். ஆத்திரத்தோடேயே, வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு ஜன்னலைத் தாண்டி, வளைவைத் தாண்டி, லைன் வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.